சிரிப்பென்று எழுதிக்கொடுத்தவள்

எங்கள் பெரிய அண்ணனுக்கு மூன்றும் பெண்கள். மூத்தவளுக்குப் படிப்பு ஏறவில்லை, சீக்கிரமே கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். நடுவில் உள்ளவள் எதிலும் பட்டுக்கொள்ளாத ரகம். அவள் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் நாம்தான் எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டும். கடைசிக்காரியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவளுக்கு எங்கள் வீட்டில் கையெழுத்தம்மா என்று பெயர்.

பெயர் வந்த கதை இது. அண்ணன் பேருந்து ஓட்டுகிறவர். ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் என்கிறார்கள். வீட்டு ஆள் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அவள் அம்மா சுவரோடு சாய்ந்து அழுகிறாள். மூத்த மாப்பிள்ளை, "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா என்னைச் சொல்லுவாங்க" என்று செருப்பைத் தேடுகிறார். பள்ளிக்கூடத்துச் சீருடையோடு ஓடிவந்த இந்தப் பெண், நர்ஸ் கையிலிருந்த பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "உனக்கு இன்னும் வயசு ஆகலையே பாப்பா" என்றாளாம் நர்ஸ். "எங்கப்பாவுக்கு நேரம் ஆகுதே சிஸ்டர்" என்றாளாம் இவள். அண்ணன் பிழைத்து எழுந்து அதன் பிறகு வெகுகாலம் எங்களையெல்லாம் அதட்டிக்கொண்டு இருந்தார். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான்.

வளர்ந்ததும் அதுவே அவளுக்குப் பிழைப்பாகவும் ஆனது. காப்பாளர் என்று ஒரு வேலை. அது என்னவென்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. "ஆள் வளர்ந்தாச்சு, ஆனா தன் காரியத்தைத் தானே முடிவு பண்ண முடியாதுன்னு சிலர் இருக்காங்க இல்லையா அத்தை? பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைஞ்சவங்க, தலையில அடிபட்டவங்க. எங்க தங்கறது, என்ன வைத்தியம் பாக்கறது, எல்லாத்துக்கும் அவங்க சார்பா ஒருத்தர் வேணும். வீட்டுல ஆள் இல்லேன்னா, இருந்தும் சரியில்லேன்னா, கோர்ட்டு எங்களை மாதிரி ஒருத்தரைப் போடும்."

"அப்போ கண்டவங்க வீட்டுக்கெல்லாம் நீதான் பெரியவளா?"

"சம்பளம் வாங்குற பெரியவ" என்று சிரித்தாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வாயைத் திறந்தால் கேலிதான். "நான் பொத்தானை அமுக்கினா ஒண்ணு மேல போகும், இல்ல கீழ போகும். இவ ஒரு கையெழுத்துப் போட்டா ஒரு ஆளே வேற வீட்டுக்குப் போயிடுறான்" என்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தக் காலத்தில் அவளுக்கு அந்த வேலையில் அவ்வளவு கர்வம். கர்வப்படும்படியாகத்தான் செய்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும். மற்ற காப்பாளர்கள் போனிலேயே விசாரித்து முடித்துவிடுவார்களாம். இவள் நேரில் போவாள். பேச்சு வராதவர்கள் என்றால் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அவர்கள் கண்ணுக்கு நேரே தன் கண்ணை வைத்து, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பாள். "வாய் பேசலேன்னா என்ன அத்தை? முகம் பேசும். எனக்கு முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சிடும்" என்று சொல்லுவாள். அப்படிச் சொல்லும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாள், அவள் அப்பா மாதிரியே மிடுக்காக.

அவள் பொறுப்பில் வந்தவர்களில் ஒருவருக்கு மடிப்பு என்று பட்டப்பெயர். நாற்பதைத் தாண்டிய ஆள். பிறவியிலேயே மூளை மந்தம். அவருடைய அண்ணனும் அண்ணன் பெண்டாட்டியும் நடத்திய சலவைக்கடையின் பின்னறையில் இருந்தார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற கடை. அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான், விரிப்புகளை மடிப்பது. மூலைக்கு மூலை பிசகாமல் மடிப்பாராம். துணி தீர்ந்துவிட்டால் கிடைத்த காகிதத்தையும் பையையும் மடிப்பார். வீட்டு ஆளிடம் மட்டும் நாலைந்து வார்த்தை பேசுவார். வெளியாள் என்றால் வாயே திறக்க மாட்டார்.

மடிப்பின் அண்ணன் செத்துப்போனார். கடை அண்ணி தலையில் விழுந்தது. கொஞ்ச நாளில், "பேச்சு வராத மனுஷனை அறைக்குள்ள பூட்டி வச்சு வேலை வாங்குறா" என்று அக்கம்பக்கத்தில் யாரோ புகார் கொடுத்தார்கள். கோர்ட்டு கையெழுத்தம்மாவைக் காப்பாளராகப் போட்டது.

இவள் போன நேரம் மத்தியானம். கடையில் யாரும் இல்லை, துணி பிழிகிற பெண்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். பின்னறைக் கதவில் வெளிப்பக்கம் பூட்டு தொங்குகிறது. சன்னல் கம்பி வழியாகப் பார்த்தால், கட்டிலில் அந்த மனிதர் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் மடித்து அடுக்கிய காகிதம். சோப்பு வாடையும் ஈர வாடையும் மூச்சை அடைக்கிறது. கொஞ்ச நேரத்தில் அண்ணி வந்து, தலையிலிருந்த மூட்டையைக்கூட இறக்காமல் சத்தம் போட ஆரம்பித்தாள். "யாரு நீங்க? எங்க வீட்டுக் கதவுல என்ன எட்டிப் பாக்குறீங்க?" இவள் விஷயத்தைச் சொன்னதும் சத்தம் இரண்டு மடங்காயிற்று.

பூட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே போனாள் கையெழுத்தம்மா. வழக்கம்போல் தரையில் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க இருக்கக் கஷ்டமா இருக்கா?" பதில் இல்லை. "நல்ல இடம் ஒண்ணு இருக்கு. தோட்டம் இருக்கு. அங்க போலாமா?"

மடிப்பு சிரித்தார். பல் அத்தனையும் தெரிய, கண் விரிய, முகம் முழுக்கச் சிரித்தார்.

இவ்வளவு நாள் இந்தச் சிரிப்பைப் பூட்டி வைத்திருந்தார்களே என்று நினைத்தாளாம் இவள்.

அண்ணி வாசலில் நின்று கத்திக்கொண்டுதான் இருந்தாள். கடையை விட்டுப் போனால் அவன் செத்துப்போவான், நீ யார் கேட்பதற்கு, உன் வீட்டில் வைத்துச் சோறு போடுவாயா, இப்படி ஆயிரம். அதற்கு நடுவில், "அவன் சிரிச்சா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியுமா?" என்றும் ஒரு வார்த்தை சொன்னாள். ஆயிரத்தில் ஒன்றாக அதுவும் இவள் காதில் விழுந்து, அப்படியே போய்விட்டது. குடும்பத்தார் எல்லோரும் சொல்லுகிற சாக்குதானே என்று நினைத்தாள்.

அந்த வாரமே அவரை ஊரின் மறுகோடியில் இருந்த பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினாள். குறை சொல்ல முடியாத இடம். சன்னல் ஓரக் கட்டில், சுத்தமான தரை, வெயில் வருகிற தோட்டம். துணியெல்லாம் இயந்திரத்தில் போட்டு ஆட்களே எடுத்து வைத்துவிடுவார்கள். தங்கியிருப்பவர்கள் சலவை அறைக்குள் வரக்கூடாது என்று விதி. இவள் போகும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பாள். அவர் அதே சிரிப்பைச் சிரிப்பார். "மகிழ்ச்சியாக இருக்கிறார்" என்று கோர்ட்டுக்கு எழுதிக்கொடுத்தாள். அடுத்த முறையும் அதையே எழுதினாள்.

அண்ணி பார்க்க வருவாள். அவள் வந்தால் மட்டும் மடிப்பு அழுவார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். அவள் கிளம்பியதும் கதவில் தலையை முட்டிக்கொள்வார். "அந்தம்மா வந்துபோனாலே சாப்பாடு இறங்க மாட்டேங்குது மேடம். அவர் பயந்துபோறார்" என்று இல்லத்து மேற்பார்வையாளர் சொன்னார். கையெழுத்தம்மா யோசித்தாள். யோசித்து, அண்ணிக்குப் போன் போட்டாள்.

"கொஞ்ச நாளைக்கு வராதீங்க. அவர் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என்கிட்ட அழுவுறான். உங்ககிட்ட சிரிக்கிறான். அதனால நான் பேய், நீங்க தெய்வம். அப்படித்தானே?" என்றாள் அண்ணி.

ஆமாம் என்று இவள் வாயால் சொல்லவில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இதை அவளே என்னிடம் சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு.

பிறகுதான் அந்தப் பல் விவகாரம். மடிப்புக்குக் கடைவாய்ப் பல் சொத்தை, பிடுங்க வேண்டும். இல்லத்தில் ஆள் குறைவாக இருந்த நாள் என்று இவளே கூட்டிப்போனாள். சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, முகத்துக்கு மேலே விளக்கைப் போட்டார்கள். டாக்டர் ஊசியை எடுத்தார். மடிப்பு சிரித்தார். பல் அத்தனையும் தெரிய, கண் விரிய, முகம் முழுக்க.

"பரவாயில்லையே, தைரியசாலி! சின்னப் பசங்க மாதிரி அழாம சிரிக்கிறாரே" என்றார் டாக்டர்.

இவளும் புன்னகைத்துக்கொண்டேதான் கீழே பார்த்தாள். நாற்காலியின் கைப்பிடியை அவர் பிடித்திருந்த பிடியில் விரல் நகமெல்லாம் வெளுத்திருந்தது. முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்கிறது. கால்சட்டை நனைந்து நாற்காலி ஓரமாகச் சொட்டுகிறது. முகம் மட்டும் சிரித்துக்கொண்டே இருக்கிறது.

அது எந்தச் சிரிப்பு என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அவள் பார்த்த ஒரே சிரிப்பு அதுதான். வேறு சிரிப்பு அவரிடம் இருக்கிறதா என்பதே அவளுக்குத் தெரியாது.

கழிப்பறைக்குக் கூட்டிப்போய்த் துடைத்துவிட்டு, டாக்டர் கொடுத்த ஒரு பச்சைக் கால்சட்டையை மாட்டிவிட்டு, வாடகை வண்டியில் ஏற்றினாள். பேச்சுக் கொடுக்கலாம் என்று திரும்பினால் அவர் சிரித்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முன்னால் இருந்த கண்ணாடியில் பார்த்தாளாம். இவள் பார்வை போனதும் சிரிப்பும் முகத்திலிருந்து வழிந்து போனது. கன்னம் தொங்கிப்போய், வெளுத்து, கூப்பிட ஆளில்லாத முகம். இல்லம் வந்து சேரும் வரைக்கும் அவரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தன் கண் படாமல் இருப்பதுதான் அவருக்கு அப்போது ஓய்வு என்று தோன்றியதாம்.

அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். தம்ளரைக் கையில் வைத்தபடியே ஆற விட்டாள்.

"நான் போய் உக்காந்து கையைப் பிடிக்கும்போதெல்லாம் அந்த மனுஷன் நடுங்கியிருக்கார் அத்தை. அதை நான் சந்தோஷம்னு எழுதியிருக்கேன்."

"தெரியாம செஞ்சதுதானேடி. விடு."

"தெரியாம இல்ல அத்தை. எனக்குத் தெரியும்னு சொல்லிச் செஞ்சது."

தம்ளரை வாங்கிக்கொண்டு, காப்பியை மறுபடி சுட வைக்கப் போனேன்.

மறுநாள் சலவைக்கடைக்குப் போனாள். அண்ணி கொதிகலனுக்குப் பக்கத்தில் வியர்த்து வழிய நின்றுகொண்டிருந்தாள். பார்த்ததும், "வாங்க, கோர்ட்டம்மா! இன்னும் யாரைத் தூக்கிட்டுப் போகணும்? வீட்டுல நானும் ஒரு பூனையும்தான் பாக்கி. பூனையைக் கேட்டுப் பாருங்க, அதுவும் உங்களைப் பாத்துச் சிரிச்சாலும் சிரிக்கும்" என்றாள்.

துணி பிழிந்துகொண்டிருந்த வேலைக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அவர் எப்பவெல்லாம் அப்படிச் சிரிப்பார்னு சொல்லுங்க அக்கா" என்றாள் இவள்.

அக்கா என்றதும் அண்ணி ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பக் கேக்குறியா?" மரியாதை போய்விட்டது. இவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சின்ன வயசுல எங்க மாமனார் குடிச்சிட்டு வந்து அடிப்பாராம். அழுதா இன்னும் விழுமாம். சிரிச்சா விட்டுடுவாராம். என் புருஷன் சொல்லியிருக்கார். பயந்தா சிரிப்பான். சந்தோஷமா இருந்தா சிரிக்கவே மாட்டான், மூக்கால ஒரு பாட்டு மாதிரி இழுத்துக்கிட்டு மடிப்பான். அவ்வளவுதான். இதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன்."

"சொன்னீங்க. நான்தான் கேக்கல."

அண்ணி கொஞ்ச நேரம் விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். பிறகு, குரலை இறக்கி, "பூட்டினது நெசம். அதை இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். வாசல்ல லாரி போற ரோடு. ஆஸ்பத்திரிக்குத் துணி போட்டுட்டு வர்ற வரைக்கும் பூட்டுவேன். சில நாள் பேச்சு சுவாரசியத்துல நேரமாயிடும். அந்தப் பாவம் எனக்கு இருக்கு" என்றாள்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

மடிப்பை இல்லத்திலேயே நிரந்தரமாக வைப்பதா என்று கோர்ட்டு முடிவு செய்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முடிவாகிவிட்டால் மாற்றுவது குதிரைக்கொம்பு. கையெழுத்தம்மா தன் அலுவலகத்து மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான், பயந்த சுபாவம்.

"தப்பா எழுதிட்டேன்னு எதுக்கும்மா சொல்லணும்? சூழ்நிலை மாறிடுச்சு, இப்போ வீட்டுக்கு அனுப்பறது நல்லதுன்னு சொல்லு. காரியம் ஆயிடும். உன் தலையும் உருளாது, நம்ம அலுவலகத் தலையும் உருளாது."

சரி என்றுதான் வந்தாள். அதையும் மறைக்காமல் சொன்னாள் என்னிடம். வாக்கியத்தைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தாளாம்.

கோர்ட்டு அறை சின்ன அறை. நீதிபதி வயதான அம்மாள், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கிறவர். ஒருபக்கம் அண்ணி, இருக்கிறதில் நல்ல துணியை உடுத்திக்கொண்டு. இன்னொரு பக்கம் மேலாளரும் கையெழுத்தம்மாவும். நடுவில் மடிப்பை உட்கார வைத்திருந்தார்கள். இல்லத்து ஆள் அவருக்குத் தலை வாரிவிட்டிருந்தார். சூழ்நிலை மாறிவிட்டது என்று இவள் ஆரம்பித்தாள். என்ன மாறியது என்று நீதிபதி கேட்டார். அண்ணி இப்போது அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதாகச் சொல்லுகிறாள், பூட்டு இனி இல்லை என்று எதையோ சொன்னாள். பொய் ஒன்றும் இல்லை.

நீதிபதிக்குத் திருப்தியில்லை. "எனக்கு அவர் என்ன நினைக்கிறார்னு தெரியணும்" என்று தானே எழுந்து வந்தார். மடிப்பின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணுக்கு நேரே கண்ணை வைத்து, மெதுவாகக் கேட்டார். "ஐயா, அந்தத் தோட்டம் இருக்கிற வீடு உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

மடிப்பு சிரித்தார்.

நீதிபதியின் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாருங்க, எவ்வளவு சந்தோஷம்! இதுக்கு மேல என்ன வேணும்? இவரை எதுக்கு அங்கிருந்து கிளப்பணும்?"

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளுடைய வக்கீல் அவள் கையை அமுக்கினார். அவள் சொன்னால் எடுபடாது, பூட்டினவள் அல்லவா.

கையெழுத்தம்மா எழுந்தாள். தன்னையே எதிரே உட்கார்த்தி வைத்துப் பார்த்தது மாதிரி இருந்ததாம் அவளுக்கு.

"அம்மா, அவர் பயப்படறார். தயவுசெஞ்சு கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"பயமா? சிரிக்கிறாரே?"

"பயந்தா அவருக்கு அப்படித்தான் வரும்மா. கையைப் பாருங்க."

நீதிபதி பார்த்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு தன் மேசைக்குப் போய் காகிதத்தைப் புரட்டினார். "மகிழ்ச்சியாக இருக்கிறார், சிரித்த முகத்துடன் இருக்கிறார்னு இங்க ரெண்டு தடவை எழுதியிருக்கு. யார் எழுதினது?"

மேலாளர் இவள் காலை லேசாக மிதித்தார்.

"நான்தாம்மா. தப்பா எழுதிட்டேன். சூழ்நிலை எதுவும் மாறல. அன்னைக்கும் இப்படித்தான் பயந்திருக்கார். எனக்கு முகம் பாக்கத் தெரியும்னு நெனச்சேன். அவங்க அண்ணி சொல்ல வந்தாங்க, நான் காது கொடுக்கல. அவர் அழறதுக்கு இருந்த ஒரே ஆளையும் வரக்கூடாதுன்னு நிறுத்தினேன்."

நீதிபதி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றாள் இவள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க பொறுப்புல பேச்சு வராதவங்க வேற யாரெல்லாம் இருக்காங்க?"

ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தாள். பேக்கரிக்காரர் மகள். விபத்தில் அடிபட்ட ஆசிரியர். சக்கர நாற்காலியில் இருக்கிற இரட்டையரில் ஒருவன். சொல்லச் சொல்ல அவரவர் முகம் கண்ணுக்கு முன்னால் வருகிறது. எந்த முகத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே சந்தேகம். பாதியிலேயே குரல் நின்றுவிட்டது. நீதிபதி தலையை ஆட்டி, "உக்காருங்க" என்றார்.

மடிப்பை அண்ணியிடமே அனுப்பத் தீர்ப்பாயிற்று. கதவில் பூட்டு கூடாது, கடையில் ஆள் இல்லாமல் விடக்கூடாது என்று நிபந்தனை. அவருக்கு வேறொரு காப்பாளர். இவள் கையிலிருந்த மற்றவர்களையும் வேறு ஆள் போய்ப் பார்த்துவர வேண்டும் என்றும் உத்தரவு. மேலாளர் வாசலில் இவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

புதுக் காப்பாளர் பொறுப்பேற்கும் வரைக்கும் இவள்தான் என்பதால், கொண்டுபோய் விடுகிற வேலையும் இவள் தலையிலேயே விழுந்தது. வண்டி சலவைக்கடை வாசலில் நின்றது. மடிப்பு இறங்கவில்லை. வண்டியில் ஏற்றினால் வேறு இடம் என்றுதான் அவருக்குப் பழகியிருந்தது. இருக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தார். தெருவே எட்டிப் பார்த்தது. "அட, மடிப்பு அண்ணன் வந்துட்டாரு! மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறாரு பாரு!" என்றான் எதிர்க்கடைக்காரன்.

அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கதவருகில் நின்று, "வாப்பா தம்பி. துணி மலையா கெடக்கு. எனக்கு இடுப்பு ஒடியுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சிரிப்பு நின்றது. முகம் கோணிக்கொண்டு வந்தது. இறங்கினார். இறங்கியதும் அண்ணியின் தோளில் ஓங்கி ஓர் அடி. இன்னொரு அடி. "ஏன் விட்ட? ஏன் விட்ட?" என்று அழுதுகொண்டே அடித்தார். அண்ணி தடுக்கவில்லை. "விட்டுட்டேன்தான். அடி. நல்லா அடி" என்று நின்றுகொண்டிருந்தாள். விட்டது அண்ணி இல்லை என்று அங்கே சொல்ல வேண்டியவள் ஒருத்திதான். அந்த ஒருத்தி, கையெழுத்தம்மா, கையில் மடிப்பின் பையோடு வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"நான்தான் கூட்டிட்டுப் போனேன்னு சொல்லியிருக்கணும் அத்தை. வாயைத் திறந்தேன். என் பக்கம் திரும்பினா மறுபடி சிரிச்சிடுவாரோன்னு பயமா இருந்துச்சு. அவர் அழட்டும்னு நின்னுட்டேன்."

அண்ணி அவரை அணைத்தபடியே உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். இவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பையை வாங்கிக்கொள்ளவும் யாரும் வரவில்லை. வண்டிக்காரர் இரண்டு தரம் ஒலி எழுப்பினார். கடைசியில், துணி பிழிகிற பெண்களில் ஒருத்தி வந்து, பேசாமல் கையை நீட்டி அந்தப் பையை வாங்கிக்கொண்டு போனாள்.